கண்ணுள் வினையும் மறைபொருளும்: ஆழ்வார்திருநகரி மரபும் ஓவியர் கூற்றுகளும்

ஓவியர் சிலர் தம் படைப்பைப் பற்றிப் பேசுங்கால், அது தாம் வரைந்ததன்று என்றும், தம் கையை வாயிலாகக் கொண்டு பிறிதோர் ஆற்றல் வரைந்தது என்றும் கூறுவர். கலை வரலாறு எழுதப் புகுவார்க்கு இக்கூற்று பெரியதோர் இடர்ப்பாட்டைத் தருகின்றது. இதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளின், வரைந்தவரின் கையும் பயிற்சியும் காலமும் வரலாற்றினின்றும் மறைந்துபோகும். வெறும் மயக்கமென்று தள்ளின், அவ்வோவியம் எக்கருத்தினால் தோன்றியதோ அக்கருத்தே நமக்கு எட்டாது போய்விடும். இவ்விரு தவறுகளுக்கும் இடையே ஒரு வழி உண்டா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். மேனாட்டு ஓவியர் சிலரின் கூற்றுகளை மட்டும் கொண்டு இதனை ஆராய்தல் இயலும். ஆயினும், இதே வினா நம் பொருநையாற்றங்கரையில் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே எழுந்து, விடையும் பெற்றிருக்கின்றது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குதல் தகும்.

1. குருகூர் கூறும் விடை

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த திருக்குருகூர், நம்மாழ்வார் தோன்றிய பேற்றினால் ஆழ்வார்திருநகரி என வழங்கலாயிற்று. ஆழ்வார் தம் பாடலைப் பற்றித் தாமே கூறும் கருத்து, திருவாய்மொழி ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் விளங்கக் கிடைக்கின்றது. இறைவன் தம்மைத் தன்னவராக்கிக் கொண்டு, தம் நாவின் வழியே தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்பது அப்பகுதியின் பொருள். பாடியவர் யார் என்னும் வினாவிற்கு ஆழ்வார் இருவரைக் காட்டுகின்றார். பாடுவோன் இறைவன், ஆயினும் பாடுவது ஆழ்வாரின் சொல். அச்சொல்லின் இனிமையும் யாப்பும் தமிழ்ப் புலமையின் பயனாகவே அமைந்துள்ளன. அந்தாதித் தொடையால் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களைக் கோத்த ஒருவர், தம் பங்கு யாதுமில்லை எனக் கூறுமிடத்து, அதனைப் புலமையின்மை என்று பொருள்கொள்வார் எவரும் இலர். தன்முனைப்பின்மை என்றே கொள்வர்.

சொல்லைப் பற்றிய இக்கருத்து, உருவத்தைப் பற்றியும் இவ்வூரில் வழங்குகின்றது. ஆழ்வாரின் திருவுருவத்தைப் பெற விழைந்த மதுரகவியார், தாமிரபரணி நீரைக் காய்ச்சினார் என்றும், முதற்கண் கூப்பிய கையினதாய் ஓர் உருவம் தோன்ற, அது பிற்காலத்தே பிறக்கவிருக்கும் இராமானுசரின் உருவமென்று ஆழ்வார் உணர்த்தினார் என்றும், மீண்டும் காய்ச்சியபோது ஆழ்வாரின் உருவமே வெளிப்பட்டது என்றும் மரபு கூறும். முதலிற் கிடைத்த உருவம் 'பவிஷ்யதாசாரியன்' எனப் போற்றப்படுகின்றது.

இவ்வரலாற்றை உலோகத் தொழிலின் சான்றாகக் கொள்ளுதல் இயலாது, கொள்ளுதல் வேண்டுவதுமில்லை. இதில் நாம் நோக்குதற்குரியது, இதன்கண் சிற்பி என ஒருவர் இல்லை என்பதே. நீர் உண்டு, தீ உண்டு, அன்பர் உண்டு, வார்த்தெடுத்த கை மட்டும் இல்லை. அவ்வாறாயின் இந்நிலப் பகுதியில் அத்தகைய கைகள் இல்லையோ எனின், இருந்தன. இவ்வூருக்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ள ஆதிச்சநல்லூரில், 1876ஆம் ஆண்டில் யாகோர் என்னும் செருமானியரும், அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தெடுத்த பொருள்களுள், இரும்புக் கருவிகளோடு விலங்கும் பறவையும் அமைந்த வெண்கலப் பொருள்களும் உள. ஆழ்வாரின் காலத்திற்கு மிக முற்பட்ட நாளிலேயே இவ்வாற்றங்கரையினர் உலோகத்தை உருக்கி உருச்செய்ய அறிந்திருந்தனர். ஆகவே, சிற்பி இல்லாமையால் எழுந்த கதையன்று இது. சிற்பி இருந்தும் அவனைக் கூறாது விட்ட கதை என்க.

ஏன் விடப்பட்டான்? உருவத்தின் உரிமை செய்தவனைச் சாராது, வழிபடுவோரைச் சார்தல் வேண்டும் என்ற கொள்கையே காரணம் எனலாம். பிற்காலத்தே படையெடுப்பு நேர்ந்தபொழுது, இவ்வாழ்வார் திருவுருவத்தை அன்பர்கள் மேற்கே சேரநாட்டுப் பக்கம் கொண்டு சென்று மறைத்துவைத்தனர் என்றும், பதினான்காம் நூற்றாண்டினரான திருவாய்மொழிப்பிள்ளை அதனை மீட்டுக் குருகூரில் மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்றும் குருபரம்பரைச் செய்திகள் கூறுகின்றன. மறைத்தது பாதுகாப்பின் பொருட்டு. மீட்டது கண்டு தொழுதற்பொருட்டு. மறைவு ஈண்டு ஓர் இடர்க்கால ஏற்பாடேயன்றிப் பெருமையாகக் கருதப்படவில்லை.

2. மறைமொழியும் கண்ணுள் வினையும்

மறைவைப் பெருமையாகக் கருதிய மரபு தமிழில் இல்லையோ என்று வினவலாம். உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் மந்திரத்தை நிறைமொழி மாந்தரின் ஆணையாற் பிறக்கும் மறைமொழியாக இலக்கணப்படுத்துகின்றார். திருமூலர் திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம் முதலிய சக்கரங்களைக் கூறி, கோடுகளை எவ்வாறு இடுவது, அறைகளை எவ்வாறு வகுப்பது, எவ்வெழுத்தை எங்கு அடைப்பது என்பனவற்றைச் செய்யுளாகவே தருகின்றார். கோடும் வண்ணமும் எழுத்தும் கூடிய இச்சக்கரங்களை ஒருவகை ஓவியம் என்றே சொல்லுதல் கூடும். ஆயினும் இவை பார்த்து மகிழ்தற்கு வரையப்பெற்றன அல்ல; தகுதியுடையார் உள்ளத்தே நிறுத்தி வழிபடுதற்கு வரையப்பெற்றன.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ஓவியரைக் குறிக்கும் பழைய சொல். மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கின்றது. காண்பாரின் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது இத்தொடருக்கு நச்சினார்க்கினியர் காட்டும் கருத்து. இஃது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஓவியத் தொழில் சுவரில் முடிவதில்லை, வண்ணத்திலும் முடிவதில்லை, காண்பவன் கண்ணில்தான் முடிகின்றது என்பது இதனாற் பெறப்படும். காணப்பெறாத ஓவியம் முற்றுப்பெறாத ஓவியமாகும்.

மறைமொழி, கண்ணுள் வினை ஆகிய இவ்விரண்டும் கோயிலில் ஒருங்கே இடம் பெறுகின்றன. ஆகம முறைப்படி திருவுருவத்தை நிறுவுங்கால், எழுத்தும் கோடும் பொறித்த யந்திரத் தகட்டினைப் பீடத்தின்கீழ் வைத்து, அதன்மேல் உருவத்தை எழுந்தருளச் செய்வர். தகடு கீழே மறைந்து கிடக்கும். எவரும் அதனைக் காண்பதில்லை. உருவம் மேலே நிற்கும். யாவரும் அதனைக் காண்பர். நிறுவுதற்கு முன்னர்ச் சிற்பி உருவத்தின் கண்ணைத் திறந்துவிட்டு விலகுகின்றான். அதன்பின் அவ்வுருவம் அவன் படைப்பாகக் கருதப்படுவதில்லை. கீழே மறைபொருள், மேலே காட்சி, இடையே விலகிச் செல்லும் கை என மூன்றும் அவ்வோரிடத்தில் வரிசைப்பட்டிருத்தலைக் காண்கிறோம். இம்மூன்றனுள் ஒன்றினை மட்டும் நோக்கி எழுதும் கலை வரலாறு குறையுடையதேயாம்.

இவ்வரிசையில் ஒன்று ஐயத்திற்கு இடந்தருவது. கடனா நதியும் தாமிரபரணியும் கூடும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிற் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உட்சுவர்கள் முழுதும் ஓவியங்கள் உள. புராணக் காட்சிகளோடு, குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலமும் போர்க் காட்சிகளும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. வழிபட வருவோர் கோபுர வாயிலைக் கடந்து செல்வரேயன்றி, அதன் மேனிலைகளுக்கு ஏறுதல் வழக்கமன்று. யாருடைய கண்ணுக்காக இவை வரையப்பெற்றன? கண்ணுள் வினை என்ற இலக்கணத்திற்கு இவை மாறுபடுகின்றனவே எனின், ஒருவாறு மாறுபடுகின்றன என்றே ஒப்புதல் வேண்டும். ஆயினும் மரக்கலத்தின் குதிரைகளை அத்துணை நுணுக்கமாக வரைந்த கை, காண்பாரை எதிர்பாராது வரைந்தது என நம்புதல் அரிது. சிலரே ஏறிக் காண்பினும், அச்சிலரின் கண் போதுமென அவ்வோவியர் கருதியிருத்தல் கூடும்.

3. அடையாற்றினின்றும் ஐரோப்பா சென்ற கருத்து

மேனாட்டில் ஓவியத்தையும் மறைபொருளையும் இணைத்துப் பேசிய கருத்துக்குத் தமிழகத்தோடு நேரிய தொடர்புண்டு. பிரம்மஞான சபையின் தலைவரான ஆல்காட், 1881ஆம் ஆண்டில் இலங்கைப் பௌத்தர் சிலரோடு திருநெல்வேலிக்கு வந்து, நெல்லையப்பர் கோயில் வளாகத்தில் தென்னங்கன்று ஒன்றினை நட்டார். அடுத்த ஆண்டிலேயே சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றுக்கு மாறியது. அச்சபையினரான அன்னி பெசண்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் எழுதி 1905ஆம் ஆண்டில் வெளிவந்த 'எண்ண வடிவங்கள்' என்னும் நூல், மனத்தில் எழும் ஒவ்வோர் எண்ணத்திற்கும் நிறமும் வடிவும் உண்டென்றும், நுண்காட்சியுடையார் அவற்றைக் காண்பர் என்றும் கூறி, வண்ணப் படங்களையும் தந்தது.

இந்நூலின் முன்னுரையில், பலர் கருதாது விட்ட செய்தியொன்று உளது. எண்ண வடிவங்களைக் கண்டோர் ஆசிரியர் இருவர். அவற்றை வரைந்தோரோ வார்லி, பிரின்சு, மாக்பர்லேன் என்னும் நண்பர் மூவர். அம்மையார் அவர்கள் பெயர்களைக் கூறி நன்றி பாராட்டுகின்றார். ஒளிமயமான வடிவங்களை இவ்வுலகின் மங்கிய வண்ணங்களால் தீட்டுதல் எத்துணை அரிது என்றும் வருந்துகின்றார். காட்சி ஒருவர்க்கு, கை வேறொருவர்க்கு எனப் பிரிந்து நின்ற நிலை இது. நூல் புகழ் பெற்றபின் ஆசிரியர் பெயர்களே நின்றன. வரைந்த மூவரை நினைவார் அரியராயினர். குருகூர்ச் சிற்பிக்கு நேர்ந்ததே இலண்டன் ஓவியர்க்கும் நேர்ந்தது எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு: முன்னையது வழிபடுவோரின் பொருட்டு மறந்தது, பின்னையது கண்டவரின் புகழ் மிக்கதனால் மறந்தது.

உருசிய நாட்டினரான வசிலி கண்டின்ஸ்கி, கலையில் ஆன்மிகம் பற்றித் தாம் எழுதிய நூலை 1911ஆம் ஆண்டின் இறுதியில் மியூனிக்கில் வெளியிட்டார். அதன்கண் பிளாவட்ஸ்கி அம்மையாரையும் பிரம்மஞான சபையையும் மதிப்போடு குறிப்பிடுகின்றார். ஆயினும் அவர் தம் ஓவியத்தைப் பிற ஆவிகள் வரைந்ததாகக் கூறினாரல்லர். ஓவியம் கலைஞனின் அகத்தேவையினின்றும் எழுதல் வேண்டும் என்பதும், நிறம் கண்வழிப் புகுந்து உள்ளத்தை அதிர்விக்கும் என்பதும் அவர் கொள்கைகள். மறைபொருட் கல்வியிலிருந்து அவர் பெற்றது நிறத்திற்கு உயிர்நிலை உண்டென்ற துணிவு. அதனைக் காண்பாரின் கண்ணுக்கு ஒப்படைத்தது அவரது ஓவியப் பயிற்சி.

சுவீடன் நாட்டு ஹில்மா அப் கிளிண்ட் அம்மையாரின் நிலை வேறு. 1862ஆம் ஆண்டிற் பிறந்த இவர், தோழியர் நால்வரோடு கூடி ஆவியுலகத் தொடர்புக் கூட்டங்களை நடத்தினார். 1906 முதல் 1915 வரை 'கோயிலுக்கான ஓவியங்கள்' என்ற தொகுதியில் 193 ஓவியங்களைத் தீட்டினார். தொடக்கத்தில் அமைந்த பெரிய ஓவியங்கள் முன்வரைவு ஏதுமின்றித் தம் வழியாக நேரே வரையப்பெற்றன என்றும், தாம் அவற்றின் பொருளை அறிந்திலர் என்றும் எழுதி வைத்தார். பிற்பகுதி ஓவியங்களில் அமைப்பைத் தாமே தேர்ந்து வரையும் உரிமை பெருகியது. 1944ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மறைந்து இருபது ஆண்டுகள் கழியுமளவும் தம் படைப்புகளைக் காட்டலாகாது என்பது அவர் விருப்பம். 1986ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் கண்காட்சியில் அவற்றுட் சில வைக்கப்பட்ட பின்னரே உலகம் அவரை அறியலாயிற்று. அண்மைக்கால ஆய்வாளர் சிலர், அன்னா காசல் என்னும் தோழியின் கையும் அத்தொகுதியில் உண்டென எடுத்துக்காட்டுகின்றனர். 'என் வழியாக வரையப்பெற்றது' என்ற கூற்றின் பின்னே, ஆவியின் கை மட்டுமன்றி, அருகிருந்த மற்றொரு மானிடக் கையும் மறைந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

ஆழ்வாரின் கூற்றும் இவ்வம்மையாரின் கூற்றும் சொல்லளவில் ஒன்றாகத் தோன்றும். பயனளவில் அவை மாறுபட்டவை. தம் வழியே பாடப்பெற்றதென ஆழ்வார் கூறிய பாடல், ஊரார் அனைவரும் பாடுதற்குரியதாயிற்று. அறியாதார் பலரென்று கருதப்பெற்ற மறையைத் தமிழில் திறந்துவைத்தவர் என்பதே அவர்க்கு மரபு சூட்டிய புகழ். தம் வழியே வரையப்பெற்றதென அம்மையார் கூறிய ஓவியமோ, காலம் கனியவில்லை என்று கட்டிவைக்கப்பட்டது. இது அவர் குறையன்று. அவ்வோவியங்களைக் காணவல்ல கண் அவரைச் சூழ இருக்கவில்லை. அருளால் வந்ததெனப்படும் கலைக்குக் கேட்போரும் காண்போரும் அடங்கிய ஒரு கூட்டம் வேண்டும். குருகூரில் அது வாய்த்தது, அவர்க்கு வாய்க்கவில்லை.

4. கோவிற்பட்டியும் சோழமண்டலமும்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழக ஓவியர் இருவர் இவ்வினாவிற்கு இருவேறு விடை தந்தனர். முதலாமவர் சி. கொண்டையராஜு. 1898ஆம் ஆண்டிற் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்ற இவர், திருவண்ணாமலையில் இரமணர் ஆச்சிரமத்தை அடைந்து துறவு வாழ்வை நாடினார். பின்னர் நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதுபவராய்ப் பல ஊர்களுக்கும் சென்று, 1940களில் கோவிற்பட்டியில் தங்கினார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரும், ஆழ்வார்திருநகரியும், 1986ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தின்கண் அமைந்துள்ளன. அவரும் அவர்தம் மாணவரும் வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாய் எண்ணிறந்த வீடுகளின் சுவர்களை அடைந்தன. துறவை நாடிச் சென்ற ஒருவர், மறைபொருளைத் தேடி ஒதுங்காது, அடுக்களைச் சுவரிலும் கடைச் சுவரிலும் இறைவனைக் காட்டும் தொழிலில் அமைந்தார். 1976ஆம் ஆண்டில் மறைந்த அவரைக் கலையுலகம் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. கண்ணுள் வினைஞர் என்ற பழஞ்சொல்லின் பொருளை அவரைப்போல் முற்ற நிறைவேற்றியவர் சிலரே.

இரண்டாமவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911ஆம் ஆண்டிற் கோவையிற் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியில் 1957 முதல் முதல்வராகப் பணியாற்றி, 1966ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை நிறுவியவர். 1963ஆம் ஆண்டளவில், மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேட்டுப் பக்கம் ஒன்றனைக் கண்டு, எண்களும் குறிகளும் கோடுகளும் நிறைந்த அதன் அமைப்பால் ஈர்க்கப்பட்டு, 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். சாதகக் கட்டங்கள், சோதிட ஏட்டின் எழுத்துகள், தகட்டிற் பொறிக்கும் கோலங்களை ஒத்த வடிவங்கள் ஆகியன அவ்வோவியங்களில் நிறைந்துள்ளன. எழுத்துகள் மலையாள எழுத்தை ஒத்திருப்பினும், அவை படித்துப் பொருள் கொள்ளுதற்கு எழுதப்பெற்றன அல்ல.

இதன் சிறப்பு யாது? பீடத்தின்கீழ் மறைந்து கிடந்த தகட்டினைப் பணிக்கர் வெளியே எடுத்துச் சுவரில் மாட்டினார் எனலாம். சாதகம் ஒருவர்க்கே உரியது. அவ்வொருவரின் பிறப்பையும் வாழ்நாளையும் கூறுவது. ஓவியத்தின்கண் அது எவர்க்கும் உரியதாயிற்று. எதனையும் கூறாது, காட்சியாய் மட்டும் நின்றது. மறைபொருளின் வடிவை எடுத்துக்கொண்டு அதன் மறைவை நீக்கிய செயல் இது. இவ்வோவியங்களைத் தாந்திரிகம் என்று ஒரு சொல்லால் வகைப்படுத்திவிடுவோர் இவ்வேறுபாட்டை நோக்கினாரல்லர். சக்கரத்தை வழிபடுவோன் கோடு பிழைத்தல் கூடாதென அஞ்சுவான். பணிக்கரோ கோட்டைத் தம் விருப்பிற்கேற்ப வளைத்தார்.

எனினும் ஓர் இழப்பையும் சொல்லுதல் வேண்டும். படிக்கவியலாத எழுத்தைக் கண்ட பொதுமக்கள், கொண்டையராஜுவின் முருகனைக் கண்டு கைகூப்பியதுபோல் அதன்முன் நின்றாரல்லர். மறைவு நீங்கியது; ஆயினும் காண்போர் கூட்டம் சிறுத்தது. கோவிற்பட்டியில் கூட்டம் பெருத்தது; ஆயினும் ஓவியரின் தனித்தன்மை அச்சுப் படிகளிடையே கரைந்தது. இவற்றுள் ஒன்றை உயர்வென்றும் மற்றொன்றைத் தாழ்வென்றும் கூறுதல் நம் நோக்கமன்று.

5. முடிபு

மேற்கூறியவாற்றான், ஓவியர் தம் படைப்பின் மூலத்தைப் பற்றிக் கூறுவனவற்றை ஆராய்வோர் மூன்றினைப் பிரித்து நோக்குதல் வேண்டும் என்பது போதரும். முதலாவது, அவர் கூற்று. அஃது அவர் தம்மைப் பற்றிக் கொண்ட கருத்திற்குச் சான்று. அவ்வகையில் முழுதும் ஏற்றற்குரியது. இரண்டாவது, கை. எவர் கூற்றாலும் கை மறைந்துவிடலாகாது. வார்த்தவர், வரைந்தவர், உடனிருந்து உதவியவர் ஆகியோரைத் தேடுதல் ஆய்வாளர் கடமை. கோயில் திருப்பணிகளில் பழைய சுவரோவியங்கள்மேல் வெள்ளையடித்துவிடும் வழக்கம் நம் நாட்டில் நேர்ந்ததற்கு, அவற்றைப் புனிதச் சுவராக மட்டும் கருதி, மானிடக் கையின் வினையாகக் கருதாமையும் ஒரு காரணம் என்க. மூன்றாவது, கண். ஒரு படைப்பு யார்க்குக் காட்டப்பட்டது, யார்க்கு மறைக்கப்பட்டது என்பதே, அது பத்தி மரபைச் சார்ந்ததா மறைபொருள் மரபைச் சார்ந்ததா என்று துணிதற்குரிய கருவி. 'என்னாலன்று' என்ற சொல் இரு மரபிற்கும் பொது. காட்சியைத் திறத்தலும் அடைத்தலுமே அவற்றை வேறுபடுத்துவன.

வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள், சுற்றுத் திருப்பதிகளின் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருடவாகனத்தில் ஆழ்வார்திருநகரியில் எழுந்தருள, ஆழ்வாரின் திருவுருவம் அன்ன வாகனத்தில் அவர்களை எதிர்கொள்கின்றது. தாமிரபரணி நீரினின்றும் தோன்றியதென மரபு போற்றும் அவ்வுருவத்தைத் தெருவில் நின்று காண்போர், அதனை வார்த்த கையை நினைப்பதில்லை. நினையாமைக்காக அவர்களைக் குறை கூறுதற்கில்லை. அக்கையும் அதனையே விரும்பியிருத்தல் கூடும். நினைத்தல் ஆய்வாளர்க்கு உரிய தொழில்.